எண்ணி ஏற்போம்: கம்பம் பள்ளத்தாக்கு அச்சகத்தாருக்கு ஒரு திறந்த மடல்

தேனி, போடி, பெரியகுளம், ஆண்டிபட்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் ஆகிய ஊர்களில் அச்சகம் நடத்தும் உரிமையாளர்களுக்கும், அங்கே எந்திரத்தடியிலும் பைண்டிங் மேஜையிலும் நின்று பிழைக்கும் தொழிலாளர்களுக்கும், சின்னமனூரிலிருந்து உங்கள் தொழில்வழிச் சகோதரன் ஒருவன் வணக்கத்துடன் எழுதுவது.

சென்ற மாதம் ஒரு சாயங்காலம், நம் தொழிலுக்குப் புதிதாக வந்த இளைஞர் ஒருவர், முகமெல்லாம் சந்தோஷமாக என் திண்ணைக்கு வந்து உட்கார்ந்தார். அவருடைய தகப்பனாரும் நானும் ஒரே அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர்கள் ஆகையால், பையனுக்கு நான் பெரியப்பா. "பெரியப்பா, ரெண்டாயிரம் ரசீதுப் புஸ்தகத்துக்கு ஆர்டர் வந்திருக்கு. பதினஞ்சு நாள்ல தர்றேன்னு வாக்குக் குடுத்துட்டேன். பேங்குல கடன் வாங்கி இன்னொரு மினி ஆப்செட் போட்டுரவா?" என்று கேட்டார். நான் உடனே ஆசி கூறாமல், "நம்பர் போடுறது யாரு? தைக்கிறது யாரு?" என்று கேட்டேன். பையன் சற்று நேரம் என் முகத்தையே பார்த்துக் கொண்டிருந்தார். அந்தக் கேள்விக்கு அவரிடம் விடை இல்லாமற் போனதும், இதே கேள்விக்கு நம்மில் பலரிடமும் விடை இராது என்று எனக்குத் தோன்றியதுமே இம்மடலை எழுதத் தூண்டிய காரணங்களாகும்.

அன்று இருவரும் ஒரு பழைய நோட்டீசின் பின்புறத்தில் கணக்குப் போட்டோம். அதை இங்கே அப்படியே தருகிறேன். ஒரு புத்தகத்துக்கு 50 எண்கள், ஒவ்வோர் எண்ணுக்கும் அசல் ஒன்று, நகல் ஒன்று. ஆகவே புத்தகத்துக்கு 100 இதழ்கள், 2,000 புத்தகங்களுக்கு 2,00,000 இதழ்கள். டெமித் தாளில் எட்டில் ஒரு பங்கு அளவுள்ள இதழானபடியால் 25,000 முழுத் தாள்கள், அதாவது 50 ரீம். இருபதுக்கு ஒன்று வீதம் வேஸ்டேஜுக்குச் சேர்த்தால் ஐம்பத்திரண்டரை ரீம். எந்திரத்தில் ஓர் அடிக்கு இரண்டு இதழ்கள் விழுமாறு பிளேட் போட்டால் 1,00,000 அடிகள். எந்திரம் விற்றவர் சொல்லும் வேகத்தை ஒதுக்கி வைத்து, பிளேட் மாற்றுவதும் ரோலர் கழுவுவதும் மின்சாரம் போய் வருவதும் கழித்து, மணிக்கு 3,000 என்று வைத்து, நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் மெய்யாக ஓடுவதாகக் கொண்டால், அச்சடிக்கும் வேலை ஆறு நாளில் தீர்ந்துவிடுகிறது. இதுவரை பையனின் உற்சாகம் குறையவில்லை.

பிறகு நம்பருக்கு வந்தோம். அவரிடம் இருப்பது தகப்பனார் விட்டுச் சென்ற பழைய திரெடில் ஒன்றுதான். இரண்டு நம்பரிங் பெட்டிகளை மாட்டி அடித்தாலும் 1,00,000 முறை அது வாய் திறந்து மூட வேண்டும். கைத்தாள் போட்டு மணிக்கு 1,000 என்றால் நூறு மணி நேரம். அதாவது பதினேழு நாள். அசலுக்குப் பெர்ஃபரேஷன் போடுவது தனி. அடுத்து, வெள்ளைத் தாளையும் வண்ணத் தாளையும் இணை சேர்த்து, எண் பிசகாமல் அடுக்கி, தைத்து, காலிகோ ஒட்டி, ஓரம் வெட்டுவதற்கு அவருடைய மேஜையில் மூன்று பெண்கள் இருக்கிறார்கள். மூவரும் சேர்ந்து நாளொன்றுக்கு நூறு புத்தகம் முடிப்பதே பெரிது. ஆகவே இருபது நாள். ஒரு வேலை நடக்கும்போதே மற்றொன்றைத் தொடங்கிக்கொண்டாலும் இருபத்தைந்து நாளுக்குக் குறைந்து அந்த ஆர்டர் வெளியே போகாது. இப்பொழுது பிரமாதமான கேள்வி ஒன்று எஞ்சுகிறது. கடன் வாங்கிப் புது எந்திரம் போட்டால் என்ன லாபம்? ஆறு நாள் அச்சு மூன்று நாளாகும். இருபத்தைந்து நாள் இருபத்தைந்து நாளாகவே இருக்கும். வட்டி மாத்திரம் கூடும்.

பெரிய ஆர்டர் என்றவுடன் நம் மனம் எந்திரத்தின் மேல் பாய்வது இயல்பே. அதுதான் ஓசை செய்கிறது, அதற்குத்தான் ஆயுத பூஜையன்று மாலை போடுகிறோம், அதைக் காட்டித்தான் வாடிக்கையாளரிடம் பெருமை பேசுகிறோம். ஆயினும் ஓர் அச்சகத்தின் கொள்ளளவு அதன் மிக வேகமான எந்திரத்தினால் நிர்ணயிக்கப்படுவதில்லை. அதன் மிக மெதுவான மேஜையினால் நிர்ணயிக்கப்படுகிறது. அந்த மேஜை எது என்று ஒவ்வோர் அச்சகத்தாரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஓரிடத்தில் அது நம்பரிங்காக இருக்கும். ஓரிடத்தில் கட்டிங் மிஷினாக இருக்கும். இன்னோரிடத்தில், ஒரே ஒரு டி.டி.பி. பெண்ணின் கணினிக்கு முன்னால் ப்ரூப் திருத்தக் காத்து நிற்கும் பத்துப் பேராக இருக்கும். அதை அறியாமல் தேதி சொல்வது, அளவு எடுக்காமல் சட்டை தைத்துத் தருவதாகச் சொல்வதற்கு ஒப்பாகும்.

நம் பள்ளத்தாக்கில் வேலை வருகிற விதமோ வேறெங்குமில்லாத ஒரு விசித்திரம் உடையது. அது சீராக வருவதில்லை, பருவ மழை போலத் திரண்டு வந்து கொட்டிவிட்டுப் போகிறது. தை பிறந்தால் முகூர்த்தங்கள். அதே சமயத்தில் ஜனவரி 15ஆம் தேதி, பெரியாற்று அணை கட்டிய பென்னிகுவிக்கின் பிறந்த நாளுக்கென்று ஊர்தோறும் பொங்கல் வைத்து ஒட்டும் போஸ்டர்கள். மாசியில் தேவதானப்பட்டி மூங்கிலணைக் காமாட்சியம்மனின் சிவராத்திரித் திருவிழா. பங்குனியில் உத்திரமும் கும்பாபிஷேகங்களும். சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவை முன்னிட்டுக் கடைக்காரர் முதல் கட்சிக்காரர் வரை அடிக்கும் வாழ்த்துப் போஸ்டர்கள். வைகாசியில் மறுபடியும் கல்யாணம். ஜூனில் பள்ளிக்கூடங்களின் ரசீதுகளும் மதிப்பெண் அட்டைகளும். ஆடியில் கல்யாணம் ஓய்கிறது. ஆனால் குச்சனூர்ச் சனீஸ்வரர் கோயிலின் ஆடிச் சனிக்கிழமைகள் ஓய்வதில்லை. ஆவணியில் தொடங்கி ஏலக்காய்ப் பறிப்பு மும்முரப்பட, போடியின் ஏல வியாபாரிகளுக்குப் பில் புத்தகம், லேபிள், சரக்குச் சீட்டு. திராட்சைப் பெட்டிக்கும் வாழைத்தார் வண்டிக்கும் அவரவர் பெயர் போட்ட சீட்டு. ஐப்பசியில் தீபாவளி நோட்டீஸ்கள். இத்தனைக்கும் நடுவே காதணி விழாவும் பூப்புனித நீராட்டு விழாவும் நாள் பார்த்து வருகின்றன. கண்ணீர் அஞ்சலிப் போஸ்டரோ நாளும் பார்க்காமல் நாழிகையும் பார்க்காமல் வருகிறது.

இந்தப் பஞ்சாங்கம் நமக்கெல்லாம் மனப்பாடம். அப்படியிருந்தும் ஒவ்வொரு தையிலும், எதிர்பாராத விருந்தாளி வந்துவிட்டாற்போல நாம் திடுக்கிடுகிறோம். ஏன்? வருவது தெரியும்; எவ்வளவு தாங்கும் என்பதை மாத்திரம் எழுதி வைப்பதில்லை.

பிறருடைய குற்றத்தைச் சொல்லி உபதேசம் செய்வது எளிது. ஆகவே என் குற்றத்தையே சொல்கிறேன். 1989ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் தேதி தமிழ்நாட்டுச் சட்டமன்றத்துக்குத் தேர்தல் நடந்தது. எம்.ஜி.ஆர். மறைந்தபின் அவருடைய கட்சி இரண்டாகப் பிரிந்து, ஓரணி சேவல் சின்னத்திலும் மற்றோரணி இரட்டைப் புறா சின்னத்திலும் நிற்க, தி.மு.க.வும் காங்கிரசும் எதிரே நிற்க, தமிழகமெங்கும் நான்கு முனைப் போட்டி. ஜெயலலிதா போடிநாயக்கனூரில் நின்றபடியால் நம் பக்கத்துச் சுவர்களில் ஒரு சாண் இடம் மிச்சமில்லை. வண்ணப் போஸ்டர்கள் சிவகாசியிலிருந்து வந்தன; மரக்கட்டை எழுத்தில் அடிக்கும் ஒற்றை நிறப் போஸ்டரும் நோட்டீசும் வாக்காளர் சீட்டும் எங்களைப் போன்ற உள்ளூர் அச்சகங்களுக்கு வந்து குவிந்தன. நான்கு பக்கத்தாரும் வந்தார்கள். நான் நான்கு பக்கத்தாருக்கும் 'ஆகட்டும்' என்றேன். ரொக்கம் கையில் விழுகிறபோது 'முடியாது' என்று சொல்ல நா எழுவதில்லை.

அதற்கு முன்பே, தை மாதத்து முதல் முகூர்த்தத்துக்காக, பள்ளத்தாக்கின் மேற்கே ஒரு கிராமத்து விவசாயி தம் மகள் கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்திருந்தார். மார்கழி பதினைந்துக்குத் தருவதாகச் சொல்லியிருந்தேன். அவர் இரண்டு முறை வந்தார். இரண்டு முறையும் பார்ம் கட்டி வைத்திருப்பதைக் காட்டி அனுப்பினேன். மெய்யாகவே கட்டித்தான் இருந்தது; திரெடில்தான் காலியாக இல்லை. கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கையில் பத்திரிகையைக் கொடுத்தேன். அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பாக்கிப் பணத்தை எண்ணி வைத்துவிட்டு, கட்டைத் துண்டில் முடிந்துகொண்டு பஸ் ஏறினார். மலைமேல் தோட்டங்களில் இருந்த அவருடைய உறவினர் பாதிப் பேருக்குப் பத்திரிகை போய்ச் சேரவில்லை என்றும், பந்தியில் இலை போட்ட இடங்கள் வெறிதே கிடந்தன என்றும் பிற்பாடு கேள்விப்பட்டேன். தேர்தல் பணத்தில் பாதி இன்றுவரை வரவில்லை. அதை நான் மறந்துவிட்டேன். துண்டில் முடிந்த அந்தக் கட்டை மறக்க முடியவில்லை. அச்சுத் தொழிலில் நாம் விற்கும் சரக்கு காகிதமும் மையும் மாத்திரமில்லை, தேதியும் சேர்ந்ததுதான் என்பதை அவர் எனக்கு மௌனமாகக் கற்பித்துவிட்டுப் போனார். முகூர்த்தம் கழிந்த பத்திரிகையைப் பழைய பேப்பர்க் கடைக்காரன்கூட எடைக்குத்தான் எடுப்பான்.

தேர்தலைப் பற்றிப் பேச்சு வந்ததால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவின்படி, தேர்தல் துண்டுப் பிரசுரத்திலும் போஸ்டரிலும் அச்சிட்டவர் பெயரும் வெளியிட்டவர் பெயரும் விலாசங்களோடு இருந்தாக வேண்டும். வெளியிடுகிறவர் இன்னார் என்பதற்கு அவரே கையெழுத்திட்டு, அவரை நேரில் அறிந்த இருவர் சாட்சியமிட்ட உறுதிமொழியை இரண்டு பிரதிகளில் வாங்கிக்கொள்ள வேண்டும். அச்சிட்ட பின்பு, அந்த உறுதிமொழியின் ஒரு பிரதியோடு பிரசுரத்தின் பிரதி ஒன்றையும் நம் மாவட்ட ஆட்சியருக்கு அனுப்ப வேண்டும். தவறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. வேலை குவிகிற ராத்திரியில் முதலில் கைவிடப்படுவது இந்தக் காகிதம்தான். ஐம்பதாயிரம் நோட்டீஸ் அடிப்பதற்கு நேரம் இருக்கிறவருக்கு ஒரு கையெழுத்து வாங்க நேரமில்லை என்றால், அவர் தாங்கும் அளவுக்கு மேல் சுமக்கிறார் என்பதற்கு அதைவிட வேறு அத்தாட்சி வேண்டாம்.

அளவுக்கு மிஞ்சிய வேலையை எப்படிச் சமாளிப்பது என்னும் கேள்வி நமக்குப் புதிதன்று; தமிழ் அச்சுக்கே அது மூத்த கேள்வி. தரங்கம்பாடியில் சீகன்பால்கு பாதிரியார், ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் எழுத்துகளைக் கொண்டு 1713இல் அச்சு வேலையைத் தொடங்கினார். அடுத்துப் புதிய ஏற்பாட்டை அச்சிட முற்பட்டபோது ஓர் இடையூறு எதிர்ப்பட்டது. வந்த எழுத்துகள் உருவில் பெரியவை. அவற்றால் அடித்தால் நூல் பருத்துக் கையிருப்புக் காகிதம் போதாது. காகிதமோ கப்பலேறிக் கடல் கடந்து வரவேண்டிய பொருள். பாதிரியாரும் உடனிருந்தவர்களும் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தெடுத்தார்கள். 1715இல் நூல் முடிந்தது. அருகே பொறையாறில் காகிதம் செய்ய ஓர் ஆலையும் ஏற்படுத்த முயன்றார்கள். எழுத்தைத் திருத்துமுன் காகிதத்தை எண்ணினார்கள் என்பதே நாம் இதில் கவனிக்க வேண்டிய விஷயம். இடர் எங்கே இருக்கிறதோ அங்கே கை வைத்தார்கள்; இன்னோர் அச்சுப் பொறிக்குக் கடிதம் எழுதிவிட்டுக் காத்திருக்கவில்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் கண்ணெதிரே சிவகாசி இருக்கிறது. வானம் பார்த்த அந்தக் கரிசல் பூமியில் 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று கற்று வந்த தீப்பெட்டித் தொழில் வேர் பிடித்தது. தீப்பெட்டிக்கும் பின்னர் பட்டாசுக்கும் லேபிள் தேவைப்பட்டதனால் அச்சுத் தொழில் தழைத்தது. லேபிள் அடித்த கைகளே தேசம் முழுவதற்கும் காலண்டர் அடிக்கத் தொடங்கின. ஆடிப்பெருக்கு நாளில் அடுத்த வருஷத்துக் காலண்டர்களின் மாதிரி ஆல்பத்தை அவர்கள் வெளியிடுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஜனவரி முதல் தேதிக்கு வேண்டிய பொருளுக்கு ஆடி மாதத்திலேயே ஆர்டர் வாங்கத் தொடங்குவதில் எவ்வளவு ஞானம் அடங்கியிருக்கிறது! கல்யாணமில்லாத மந்த மாதத்தையே தங்கள் வருஷத்தின் வாசற்படியாக ஆக்கிக்கொண்டார்கள்.

அதைவிடப் பெரிய நுட்பம் ஒன்று உண்டு. காலண்டரின் தினசரித் தாள் கட்டு எல்லோருக்கும் பொது. முருகன் படமும் லட்சுமி படமும் போட்ட அட்டை ஆயிரம் கடைகளுக்குப் பொது. கடைக்காரருடைய பெயரும் தொலைபேசி எண்ணும் மாத்திரமே அவரவர்க்குத் தனி. பொதுவானதை முன்கூட்டியே லட்சக்கணக்கில் அடித்து அடுக்கிவைத்துக்கொண்டு, தனியானதைக் கடைசியில் அச்சிட்டுக் கொடுக்கிறார்கள். இந்த முறையை நாம் நம் அளவில் கைக்கொள்ளத் தடை என்ன? கோடு போட்ட பில் தாள், விநாயகர் படம் போட்ட பத்திரிகை அட்டை, திராட்சைப் பெட்டிக்கான வண்ணச் சீட்டு ஆகியவற்றின் பொதுப் பகுதியை ஆடியிலும் மார்கழியிலும் அடித்து வைத்துக்கொண்டால், தையில் பெயர் போடுவதுதானே பாக்கி? மந்த காலத்தில் சீட்டாடிவிட்டு மும்முர காலத்தில் கண் விழிப்பது, கோடையில் கண்மாயைத் தூர் வாராமல் மழையில் கரை உடைந்ததென்று அழுவதைப் போன்றது.

இனி, என் நாற்பது வருஷத்து அனுபவத்தில் கண்ட சில காரியங்களைச் சொல்கிறேன். ஏற்பதும் தள்ளுவதும் உங்கள் விருப்பம்.

முதலாவது, ஆர்டர் நோட்டு. அதில் வாடிக்கையாளர் பெயரையும் தொகையையும் எழுதுவதோடு நிற்காமல், பக்கத்துக்கு ஒரு கிழமையாகப் பிரித்து, நம் மெதுவான மேஜைக்கு அந்தக் கிழமையில் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்பதை மேலே எழுதி, ஒவ்வோர் ஆர்டரும் அதில் எத்தனை மணி நேரத்தை உண்ணும் என்பதைக் கீழே கழித்துக்கொண்டு வாருங்கள். பக்கம் நிறைந்துவிட்டால் அடுத்த பக்கத்துத் தேதியைச் சொல்லுங்கள். வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். ஆனால் தாமதமாகக் கேட்கும் பொய்யைவிட முன்னமே கேட்கும் மெய் அவருக்கு உபகாரம். அந்தக் கணக்கில் நாள்தோறும் ஒரு மணி நேரத்தை யாருக்கும் கொடாமல் காலியாக விட்டுவிடுங்கள். அது துக்கத்துக்குரிய மணி. சாவு வீட்டிலிருந்து ஒருவர் புகைப்படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நிற்கும்போது, 'வியாழக்கிழமை வாருங்கள்' என்று எந்த மனிதனும் சொல்லமாட்டான். அந்த ஒரு மணி முன்பே ஒதுக்கப்பட்டிருந்தால், பெரிய ஆர்டரின் பிளேட்டைப் பாதியில் கழற்றி மறுபடி மாட்டும் நஷ்டமும் இல்லை, மனிதத்தன்மைக்கும் குறைவில்லை.

இரண்டாவது, ப்ரூப். நூறு பத்திரிகையில் பிழை வந்தால் நூறு காகிதம் நஷ்டம். லட்சம் சீட்டில் வந்தால் அச்சகமே ஆட்டம் காணும். இந்நாளில் வாட்ஸாப்பில் ப்ரூப் அனுப்ப, யாரோ ஒரு மருமகன் பஸ்ஸில் போகிறபோது பார்த்துவிட்டுக் கட்டை விரலைத் தூக்கிக் காட்ட, அதை நம்பி எந்திரத்தை ஓட்டிவிடுகிறோம். பிறகு தாய்மாமன் பெயர் விட்டுப்போயிற்று என்று வீடே திரண்டு வருகிறது. பணம் கொடுப்பவர் எவரோ அவரே காகிதத்தில் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்பதை ஒரு விரதமாகக் கொள்ளுங்கள். பெரிய ஆர்டரில், முதல் ஐம்பது தாள் விழுந்ததும் எந்திரத்தை நிறுத்தி, வேலையில் சம்பந்தப்படாத ஒருவரிடம் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். கண் ஏமாறும் இடத்தில் காது ஏமாறுவதில்லை.

மூன்றாவது, காகிதம். பெரிய வேலைக்கு வேண்டிய ரீம்கள் அனைத்தையும் ஒரே லாட்டில் வாங்குங்கள். பாதி வேலையில் வேறு லாட் வந்தால் வெள்ளையிலும் வெள்ளை வேறுபடும். வந்த காகிதத்தை அச்சு அறையிலேயே ஒரு நாளாவது கிடக்க விடுங்கள். ஈரக் காற்றில் தாள் நீளும், உலர்ந்தால் சுருங்கும், நான்கு நிறமும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாமல் தலைவலி கொடுக்கும். ஆனி ஆடியில் கணவாய் வழியாக இறங்கும் காற்று எத்தகையது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அது காற்றாலையைச் சுழற்றுவதோடு நில்லாமல், காயாத மையின்மேல் புழுதியையும் தூவிவிட்டுப் போகும். மேற்குச் சன்னலை மூடி வைக்கும் அச்சகத்துக்கு வேஸ்டேஜ் குறைவு.

நான்காவது, பணம். பெரிய ஆர்டர் என்பது பெரும்பாலும் நம் முதலில் பிறர் செய்யும் வியாபாரம். காகிதக் கடைக்கு நாம் ரொக்கம் கொடுத்து, வாடிக்கையாளரிடம் தவணை வாங்குகிறோம். காகிதத்தின் விலை முழுவதும் முன்பணமாகவும், அச்சு முடிந்தவுடன் ஒரு பங்கும், சரக்கு ஏறுமுன் மிச்சமும் என்று எழுதி வாங்கிக்கொள்ளத் தயங்காதீர்கள். காகித விலையைக்கூட முன்னதாகத் தர மனமில்லாதவர் தருகிற ஆர்டர், பெரிதாக இருக்கிற அளவுக்கு ஆபத்தும் பெரிது.

ஐந்தாவதாகச் சொல்வதை முதலாவதாகவே சொல்லியிருக்க வேண்டும். வேலை குவிகையில் அதைச் சுமப்பவை மனிதக் கைகள். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் கட்டிங் மிஷினை ஓட்டாதீர்கள். எந்திரத்துக்குத் தூக்கம் வராது. அதன் கத்திக்குக் கீழே காகிதத்தைத் தட்டி ஒழுங்கு செய்கிறவனுக்கு வரும். பைண்டிங் மேஜையில் இருக்கும் பெண்களுக்கு அதிகப்படி நேரத்துக்கான கூலியை அன்றைக்கே எண்ணிக் கொடுத்து, கடைசி பஸ்ஸுக்கு முன்பே வீட்டுக்கு அனுப்பி வையுங்கள். விரலொன்றைப் பலி கொடுத்து முடித்த ஆர்டரில் எந்த லாபமும் லாபமாகாது.

இவ்வளவும் ஒவ்வோர் அச்சகமும் தனியே செய்துகொள்ளக் கூடியவை. இவற்றைச் செய்த பின்னும், தனியொருவரால் தாங்க முடியாத ஆர்டர் வரத்தான் செய்யும், அதற்காகவே இம்மடல். அந்த இளைஞருடைய இரண்டாயிரம் புத்தகங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவரிடம் எந்திரம் இருக்கிறது, நம்பர் போடவும் தைக்கவும் போதிய ஆளில்லை. உத்தமபாளையத்தில் ஓர் அச்சகத்தில் இரண்டு திரெடில்கள் தூசி படிந்து நிற்கின்றன. கம்பத்தில் ஒரு பைண்டர் வீட்டில் நான்கு பேர் வேலையில்லாமல் இருக்கிறார்கள். மூவருக்கும் இடையே ஒரு மணி நேர பஸ் பயணம்கூட இல்லை. அன்றே மூவரையும் பேசவைத்தேன். அச்சு ஒருவர், நம்பர் இருவர், தையல் இரண்டிடம் என்று பிரிந்தபின் பதினாறாம் நாள் சரக்கு லாரி ஏறியது. ஒரு நாள் பிசகியது உண்மை. அதை முன்கூட்டியே சொல்லிவிட்டபடியால் ஆர்டர் கொடுத்தவர் வருத்தப்படவில்லை. புது எந்திரம் வாங்கப்படவில்லை.

'என் வாடிக்கையாளரைப் பக்கத்து அச்சகத்தான் கொத்திக்கொண்டு போய்விடுவானே' என்று நீங்கள் நினைப்பது எனக்குக் கேட்கிறது. அந்த அச்சம் அடியோடு தவறென்று சொல்லமாட்டேன். நம்மில் அப்படிச் செய்தவர்களும் உண்டு. ஆனால் யோசித்துப் பாருங்கள்: வாடிக்கையாளரைப் பக்கத்து அச்சகம் கொண்டுபோவது ஒரு முறை என்றால், நம் தாமதம் அவரைத் துரத்தியது பத்து முறை. வேலையைப் பகிரும்போது விலையையும் தேதியையும் தாளின் தரத்தையும் எழுத்தில் வைத்துக்கொண்டால் பாதி விவகாரம் தீரும். தேர்தல் வேலையில் மாத்திரம் ஒரு ஜாக்கிரதை வேண்டும்; ஆர்டரை யார் வாங்கினாலும், மெய்யாக அச்சிட்டவருடைய பெயரே தாளில் இருக்க வேண்டும்.

பகிர்ந்து வாழ்வது நம் பள்ளத்தாக்குக்குப் பழக்கமில்லாத தத்துவமா? 1895இல் முடிந்த பெரியாற்று அணையின் தண்ணீர் லோயர் கேம்ப்புக்கு இறங்கி வந்து, நம் பள்ளத்தாக்கில் மாத்திரம் 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்குப் பாய்கிறது. தலைமடைக்காரன் தன் வயல் நிறைந்தபின் மடையை அடைத்துவிடுகிறான். தண்ணீர் அடுத்தவனுக்குப் போகிறது. கடைமடைக்காரனும் நாற்று நடுகிறான். மடையை அடைக்காமல் இருந்தால் தன் பயிரே அழுகும் என்பது தலைமடைக்காரனுக்குத் தெரியும். தண்ணீருக்கு முறை வைக்கத் தெரிந்த ஊரில், வேலைக்கு முறை வைக்கத் தெரியாமல் நாம் மாத்திரம் நம் வயலை மூழ்கடித்துக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே, சகோதரர்களே, சகோதரிகளே, உங்களிடம் என் விண்ணப்பம் சிறியது. சங்கம் வேண்டாம், தலைவர் வேண்டாம், சந்தா வேண்டாம். வருகிற ஆயுத பூஜையன்று நம் அச்சகங்கள் எதிலும் எந்திரம் ஓடாது. பூஜை முடிந்து பொரிகடலை கொடுத்தபின், சாயங்காலம் நான்கு மணிக்குச் சின்னமனூருக்கு வாருங்கள். ஒவ்வொருவரும் ஒரு தாள் கொண்டு வாருங்கள். அதில் உங்களிடம் உள்ள எந்திரங்கள் எவை, நம்பர் போடவும் தைக்கவும் வெட்டவும் ஆட்கள் எத்தனை பேர், எந்த மாதத்தில் உங்கள் கை நிறைந்திருக்கும், எந்த மாதத்தில் ஓய்ந்திருக்கும் என்பதை எழுதியிருங்கள். அத்தனை தாள்களையும் சேர்த்து நானே தைத்து, ஆளுக்கு ஒரு பிரதி கொடுக்கிறேன். ஆர்டர் கையில் வந்ததும் எந்திரத்தைப் பார்க்குமுன் அந்தப் புத்தகத்தைப் பாருங்கள். அதன் பிறகு தேதியைச் சொல்லுங்கள்.

இங்ஙனம்,
உங்களுள் ஒருவன்,
சின்னமனூர்.